வெளிக்கூட்டமும் உட்கூட்டமும்

விசுவாசத்தின் உறுதியைப் பற்றிப் பேசுகையில் நம்மவர் உடனே நினைவுகூர்வது தேவசகாயத்தை. 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் பணிபுரிந்தவர். குளச்சல் போரில் (1741) சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாயின் வாயிலாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் கைதானார். எருமையின் மீது பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊரார் நகைக்க அழைத்துச் சென்றனர் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் அரசத் துரோகமே என்று வாதிடுவோரும் உளர்.

ஆயினும் என் சிந்தனை வடக்கன்குளத்திலேயே நின்றுவிடுகிறது. அதே ஊரில் பின்னாளில் எழுந்த ஆலயத்தில், சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-இல் குருக்கள் அதனை அகற்றியபோது எதிர்த்து வழக்காடியோர் வேற்றுச் சமயத்தார் அல்லர், கிறிஸ்தவர்களே. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களது உரிமைக் கோரிக்கையை ஏற்கவில்லை.

அரசனின் சினத்தை எதிர்கொள்வது அரிது. உடன் மண்டியிடும் உறவினரின் முகச்சுளிப்பை எதிர்கொள்வது அதனினும் அரிது போலும்! 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' நீக்கப்பட்டிருந்தது. பெயரிலிருந்து நீங்கிய சாதி, நம் கல்லறைத் தோட்டங்களிலிருந்தும் திருமணப் பேச்சுகளிலிருந்தும் நீங்குவது எப்போது? அதற்குத் துணிவோரே அவரை உண்மையில் வணங்குவோர்.