உள்ளே ஈரம் உண்டா?

சென்ற ஆண்டு ஆயுத பூசையன்று எங்கள் விடுதி முற்றத்தில் மிதிவண்டிகள் வரிசையாக நின்றன. துடைத்தோம், சந்தனம் தெளித்தோம், குங்குமம் இட்டோம், கைப்பிடியில் செவ்வந்திச் சரம் சுற்றினோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவும் மறக்கவில்லை. ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் வாழைக்கன்று கட்டி மகிழும் பெங்களூரில், நாம் மட்டும் பின்தங்கலாமா? என் வண்டியும் மணமகனைப் போல நின்றது. ஆனால் அதன் டயருக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

அதற்குரிய விலையைக் கொடுத்தவன் நானல்லன். விடுதித் தம்பி ஒருவன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நந்தி மலைக்குப் போய்வர என் வண்டியை இரவல் கேட்டான். "டியூப்லெஸ் டயர்தானே, அண்ணா? பஞ்சர் ஆகாதே!" என்றான். "ஆகாது, தைரியமாகப் போய் வா" என்று அனுப்பினேன். ஏறும்போது ஒன்றும் நேரவில்லை. இறங்கும்போது, ஒரு வளைவில், முன் டயரில் ஆணி தைத்தது. காற்று நிற்காமல் இறங்கிற்று. டயர் ரிம்மை விட்டு நழுவ, தம்பி சாலையில் விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கலிட்டுக்கொண்டு திரிந்தான். செய்முறைத் தேர்வையும் இழந்தான்.

மறுநாள் டயரைக் கழற்றினேன். பஞ்சரை அடைக்க வேண்டிய சீலன்ட் ஒரு சொட்டும் இல்லை. உட்புறம் முழுதும் காய்ந்த சவ்வு. நடுவே கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை. ஆகஸ்டில் ஊற்றியது, பிப்ரவரியில் இல்லை. ஆணியைக் குறை சொல்லி என்ன பயன்? குத்துவது ஆணியின் இயல்பு. குற்றம் என்னுடையது.

தோழர்களே! இந்தக் குற்றத்தை நம்மில் பலரும் நாள்தோறும் செய்து வருகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த டயரைச் செய்தார். அன்று தொடங்கியது பஞ்சர்த் தொல்லை. தெருவோரக் கடைக்காரர் டியூபை நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்த்து ஒட்டுப்போடும் காட்சியை அறியாதவர் யார்? நம் காலத்தில் அந்த டியூபே போய்விட்டது. டயரும் ரிம்மும் இறுகப் பொருந்திக் காற்றைத் தாங்குகின்றன. உள்ளே கொஞ்சம் சீலன்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. துளை விழுந்தால், வெளியேறும் காற்று அந்நீரையும் இழுத்துச் செல்கிறது. அதிலுள்ள துகள்கள் துளையில் சிக்குகின்றன. ரப்பர்ப் பால் அவற்றின்மேல் இறுகி அடைப்பாகிறது. ஓட்டுபவர் பல வேளைகளில் அதை அறிவதே இல்லை.

அறியாமை அங்கேதான் தொடங்குகிறது. தானே ஆற்றிக்கொள்ளும் டயர் என்று மகிழ்ந்து நாம் மறந்துவிடுகிறோம். கடையில் எனக்கு, "இனிப் பஞ்சர் கவலையே இல்லை" என்றார்கள். எத்தனை மாதத்திற்கு என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரத்தில் கட்டிய சிரட்டையில் வடியும் பால், எடுக்காமல் விட்டால் அங்கேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். உறையாதிருக்க அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். டயருக்குள் நாம் ஊற்றுவதும் பெரும்பாலும் அந்தப் பால்தான். டயரின் சுவர் வழியே நீர் சிறிது சிறிதாக ஆவியாகிறது, பால் இறுகுகிறது. வெயிலும் வறண்ட காற்றும் அதை விரைவுபடுத்தும். இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையே அதன் ஆயுள். மழை ஓய்ந்து காற்று உலர்ந்து, மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறும் பெங்களூரில், ஆறு மாதத்தை நம்பியிருப்பது பேதைமை.

நம் சாலைகளோ இரக்கம் காட்டுவதில்லை. பொறியாளர் ஒருவர் வெளிவட்டச் சாலையில் காந்தத்தைக் கொண்டு ஆணி பொறுக்கிக் கிலோக் கணக்கில் சேர்த்ததை, 2015-ஆம் ஆண்டளவில் நாளேடுகள் எழுதின. அவ்வளவு ஆணி கிடக்கும் ஊரில் காய்ந்த டயரோடு புறப்படலாமா?

பார்ப்பது பெரிய வித்தையன்று. சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். நீர் தளும்பும் ஒலி கேட்காவிட்டால், வறட்சி வந்துவிட்டது என்று கொள்ளலாம். கேட்டாலும் முழுதும் நம்பாதீர்கள். பால் இறுகிப் பிரிந்தபின் வெறும் நீரும் தளும்பும். உறுதியாக அறிய, வண்டியைத் தூக்கி நிறுத்தி, வால்வை மேற்பக்கம் வைத்துக் காற்றை இறக்குங்கள். வால்வின் உள்ளிருக்கும் ஊசியைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவாருங்கள். சில நிமிடம் பொறுத்து, கம்பி கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். கிணற்றில் கழி விட்டு ஆழம் பார்ப்பது போலத்தான். நுனியில் பால் படிந்தால் நலம், படியாவிட்டால் ஊற்றுங்கள். சாலை வண்டியின் ஒல்லி டயருக்கு 30 முதல் 45 மில்லி லிட்டர்; மலை வண்டியின் தடித்த டயருக்கு 100 மில்லி லிட்டர் அளவில். ஊற்றுமுன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். அடைக்கும் துகள்கள் அடியில் தங்கியிருக்கும். பிறகு காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், பால் எங்கும் பரவும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பழைய டியூபே போதுமே" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விடுதிக்கும் வகுப்புக்கும் மட்டுமே போய்வருபவருக்கு டியூப் போதும். தெருவோரத்தில் ஒட்டுப்போட ஆளும் கிடைப்பார். பார்க்க மனமில்லாதவர் டியூப்லெஸ் வாங்காதிருப்பதே அறிவுடைமை. ஆனால் வாங்கிவிட்டுப் பாராதிருப்பது, தீயணைக்கும் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு, அதில் மருந்து உண்டா என்று கேளாதிருப்பதற்கு ஒப்பாகும். அதிலும், அந்த வண்டியைப் பிறரிடம் நம்பிக்கையோடு கொடுப்பது இன்னும் பெரிய பிழை. இதை நான் நொந்து கற்றேன்.

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்றால் மறந்துவிடுவோம்; பண்டிகை என்றால் மறக்கமாட்டோம். தைப்பொங்கல், சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு, ஆயுத பூசை — இந்நான்கும் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மாத இடைவெளியில் வருகின்றன. அந்நாள்களில் மாணவர் வண்டிகளின் டயர்களைச் சங்கமே சோதித்துக் கொடுக்கட்டும். கோடையில் தொலைதூரம் ஓடும் வண்டிகளுக்கு மார்ச்சிலும் ஒருமுறை பார்க்கட்டும். இரண்டு பாட்டில் சீலன்டும் ஒரு காற்றுப் பம்பும் போதும்; பெரிய செலவில்லை.

தம்பியின் எலும்பு கூடிவிட்டது. சென்ற வாரம் மறுபடியும் என் வண்டியைக் கேட்டான். சாவியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து, கண்ணை மூடி ஆட்டினான். உள்ளே நீர் தளும்பிற்று. அதன் பிறகே சாவிக்குக் கை நீட்டினான்.