முகவீணைக்கு ஏற்ற மைக் எது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. ஒலிவாங்கி வாங்கப் புறப்படும் மாணவனுக்கும் இது பொருந்தும். விலை உயர்ந்த மைக்கே சிறந்த மைக் என்னும் எண்ணம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. அது தவறு என்பதே என் கருத்து. பட்டறிந்த பிறகே இதனைக் கூறுகிறேன்.

எனது ஊர் கீழ்பென்னாத்தூர். என் தாயைப் பெற்ற தாத்தா, தெருக்கூத்துக் குழு ஒன்றில் முகவீணை வாசித்தவர். பெயரில் வீணை இருந்தாலும் அது நரம்புக் கருவி அன்று. நாகசுரத்தின் தம்பி எனத்தக்க சிறு குழல். ஒரு முழ நீளம்கூட இராது. ஆனால் திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனன் வேடம் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது அது எழுப்பும் ஒலி ஊரையே உலுக்கும். இன்று பல குழுக்களில் ஆர்மோனியம் மட்டுமே ஒலிக்கிறது. முகவீணை ஊதுவோர் அருகி வருகின்றனர். தாத்தாவுக்குப் பின் எங்கள் குடும்பத்தில் அதனை ஊத யாருமில்லை. நான் கல்லூரிக்கு வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான்.

அவர் வாசிப்பைப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்று சென்ற கோடை விடுமுறையில் தோன்றியது. முதலில் செல்பேசியில் பதிவு செய்தேன். ஒலி உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கரகரவென்று உடைந்தது. தாத்தா மூச்சு வாங்க நிறுத்தினால், அந்த இடைவெளியில் தெருநாய் குரைப்பது பெரிதாகக் கேட்டது. ஓசை மிகுந்தால் அமுக்குவதும், ஓசை குறைந்தால் உயர்த்துவதும் செல்பேசி தானே செய்துகொள்ளும் வேலை. உரையாடலுக்கு அது உதவும். இசைக்கு ஊறு விளைவிக்கும்.

பிறகு நண்பன் ஒருவன் ஸ்டுடியோக்களில் பயன்படும் கண்டன்சர் மைக் ஒன்றை இரவல் தந்தான். பல ஆயிரம் ரூபாய் பெறுமானம் உள்ளது. அதில் பதிவு செய்து கேட்டபோது திகைத்துப் போனேன். முகவீணை இருந்தது; அதனுடன் மின்விசிறியின் சுழற்சியும், பக்கத்துக் கொல்லையில் ஓடிய மோட்டாரும், செஞ்சி சாலையில் போன பேருந்தின் ஊதலும் இருந்தன. ஒலியும் காதைக் குத்தும் கூர்மையோடு இருந்தது.

இறுதியில் எங்கள் ஊர் மைக் செட்டுக்காரரிடம் போய் நின்றேன். காதுகுத்து, கோயில் திருவிழா, இரங்கல் கூட்டம் எல்லாவற்றிலும் அடிபட்டு, வலைமூடி நசுங்கிய சாதாரண டைனமிக் மைக் ஒன்றைக் கொடுத்தார். நண்பர்களே, என் தாத்தாவின் முகவீணை முதன்முதலாக முகவீணையாக ஒலித்தது அதில்தான்!

இஃது எவ்வாறு என்று எண்ணிப் பார்த்தேன். விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வும், அதனோடு ஒட்டிய கம்பிச்சுருளும், ஒரு காந்தமும் உண்டு. சவ்வு அதிரச் சுருள் அசைகிறது, மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அது. சுருளின் எடையையும் சேர்த்துச் சுமப்பதால் அந்தச் சவ்வு மிக நுண்ணிய, மிகக் கூர்மையான அதிர்வுகளுக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. பேரொலியையும் கலங்காமல் தாங்குகிறது. கண்டன்சர் மைக்கின் சவ்வு எடை குறைந்தது. ஊசி விழுந்தாலும் உணரும். வீணைக்கும் தம்பூராவுக்கும் மென்குரலுக்கும் அதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகவீணை அப்படிப்பட்டதா?

மைக் என்பதே இல்லாத காலத்தில், திறந்த வெளியில், விடிய விடிய, கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் கேட்க வேண்டும் என்று உருவான கருவி அது. கடல் கடந்த நாட்டிலும் இதற்கோர் உறவு உண்டு. பிற கருவிகளின் முழக்கத்தில் கிதாரின் ஒலி அமிழ்ந்து போவதைக் கண்டு, ஜான் டோப்யேரா என்பவர் அமெரிக்காவில் அதன் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்புகளைப் பொருத்தினார். 1927இல் விற்பனைக்கு வந்த அந்த ரெசோனேட்டர் கிதாரும் உரத்த, உலோகக் கூர்மை கொண்ட ஒலியை உடையதே. அதனைப் பதிவு செய்வோரில் பலர் இன்றும் டைனமிக் மைக்கையே நாடுகின்றனர். அவர்கள் விரும்பும் ஷூர் எஸ்.எம். 57 என்னும் மைக் 1965இல் வந்தது; இன்றும் விற்பனையில் உள்ளது. உரத்துப் பேசப் பிறந்த கருவிக்குக் கூர்த்த செவி தேவையில்லை. பொறுமையான செவியே தேவை.

மைக்கைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதனை வைக்கும் இடம் மறுபாதி. முகவீணையின் ஒலி அதன் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே குழலின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டக் கூடாது. இரண்டடி தள்ளி, சற்று உயரத்தில், விரல்கள் ஓடும் இடத்தைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். இவ்வகை மைக்குகள் பெரும்பாலும் முன்புற ஒலியை ஏற்றுப் பின்புற ஒலியைத் தள்ளுவன. எனவே இரைச்சல் வரும் திசைக்கு மைக்கின் முதுகைக் காட்ட வேண்டும். சிமெண்டுச் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். நான் வைக்கோற்போரின் ஓரத்தில் தாத்தாவை அமர்த்தினேன். வைக்கோலைப் போல் எதிரொலியை விழுங்கும் பொருள் நம் ஊரில் வேறென்ன உண்டு? அதற்குக் காசும் இல்லை!

செலவையும் சொல்லிவிடுகிறேன். டைனமிக் மைக்கைச் செல்பேசியில் நேரே செருகினால் போதாது. அதன் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கித் தர இடையில் ஓர் ஆடியோ இன்டர்பேஸ் பெட்டி வேண்டும். எனக்கு அதனையும் மைக் செட்டுக்காரரே தந்து உதவினார். மைக், தாங்கி, கம்பி, பெட்டி எல்லாம் புதிதாக வாங்கினால் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் ஆகும் என்று விசாரித்து அறிந்தேன். மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்யும் என் பெற்றோருக்கு அது பெருந்தொகை. ஒரு கல்லூரிக்கு அப்படியன்று.

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதுபோல், நம் கல்லூரியில் இத்தகைய ஒலிப்பதிவுத் தொகுதி ஒன்றை வாங்கி வைத்து, மாணவர்களுக்கு விடுமுறைதோறும் இரவல் தர வேண்டும். இயற்பியல் துறை பதிவு செய்யக் கற்றுத் தரட்டும். தமிழ்த்துறை பதிவானவற்றைத் தொகுத்துக் காக்கட்டும். சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள்தானே நாம்? ஒவ்வொருவர் தெருவிலும் கூத்துக் கலைஞரோ, பம்பைக்காரரோ, நடவுப் பாட்டுப் பாடும் பாட்டியோ இருப்பார்.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. மைக்கை அன்று மாலையே திருப்பித் தர வேண்டியிருந்ததால், மூன்று மெட்டுகளைத்தான் பதிவு செய்ய முடிந்தது. தாத்தாவுக்குத் தெரிந்தவை எத்தனையோ. சென்ற மாதம் அவருடைய முன்பற்களில் இரண்டு விழுந்துவிட்டன. சீவாளியை இறுகப் பற்ற உதடு முன்போல் இசையவில்லை என்கிறார். இனி எத்தனை நாள் ஊதுவாரோ, தெரியாது. நல்ல மைக் வாங்கப் பணம் சேரட்டும் என்று நான் காத்திருந்தால், அந்த மைக்கின் முன் அமர அவரால் இயலாமல் போகும். இருப்பதைக் கொண்டு இன்றே தொடங்குவோம்.