ஓடும் வீடும் புல் ஆறும்

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்கிறார்கள். சாதாரணக் குடும்பங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே! குளிர்காலம் வந்தால் இவற்றில் பல ஃபுளோரிடாவுக்குப் படையெடுக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஓர் அவசரம்... மயாமியைத் தாண்டினால் நேரே கீ வெஸ்ட் தீவுதான்.

இந்த அவசரம்தான் தவறு. பக்கத்திலேயே இருக்கும் எவர்கிளேட்ஸை "வெறும் புல்லும் தண்ணீரும்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1947-ல் தேசியப் பூங்காவான இந்த இடம் சுமார் 15 லட்சம் ஏக்கர். சதுப்பு நிலம் என்று சொன்னாலும் உண்மையில் இது ஓர் ஆறு. பல மைல் அகலம், பல இடங்களில் முழங்கால் ஆழம்கூடக் கிடையாது, ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் அதே 1947-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இதைப் புல் ஆறு என்றார். அலிகேட்டரும் குரோக்கடைலும் சேர்ந்து வாழும் இடமும் இதுதான். (தமிழில் இரண்டும் முதலைதான், என்ன செய்வது!)

இந்த ஆற்றைக் கெடுத்ததில் சாலைக்கும் பங்கு உண்டு. 1928-ல் திறந்த டாமியாமி டிரெய்ல், மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்ட சாலை. தெற்கே போக வேண்டிய தண்ணீருக்கு அதுவே அணையாகிவிட்டது. பிறகு அதே சாலையில் 2013-ல் ஒரு மைலுக்குப் பாலம் கட்டினார்கள், 2019-ல் இன்னும் இரண்டு மைலுக்கு மேல். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகட்டும் என்பதற்காக! முதலில் போட்டபோது சாலையின் செலவுக் கணக்கில் இது இல்லை. வணிகவியல் மாணவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்: கணக்கில் வராத செலவு ஒழிந்துபோவதில்லை, பேரப்பிள்ளைகள் பெயரில் பில்லாக வருகிறது.

தீவுகளின் கதை வேறு. ஹென்றி ஃபிளாக்லர் கடல்மேல் போட்ட ரயில் பாதை 1912-ல் கீ வெஸ்டை எட்டியது. 1935 சூறாவளி அதைச் சிதைத்தது. அந்தத் தடத்திலேயே 1938-ல் நெடுஞ்சாலை வந்தது. 113 மைல், 42 பாலங்கள். இரண்டு பக்கமும் கடல். அழகுதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் கீ வெஸ்டில் வண்டித் தொட்டியில் பிடிக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெருநிலத்தின் நிலத்தடியிலிருந்து குழாய் வழியாக, நூறு மைலுக்கும் மேல் பயணம் செய்து! அந்த நிலத்தடி நீர் மழையாலும் எவர்கிளேட்ஸாலும் ஊறுவது. புல் ஆறு வற்றினால் அங்கே கடல்நீர் ஏறும். பார்க்காமல் ஒதுக்கிய இடத்தின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

ஆர்.வி.யே வேண்டாம், டீசலைக் குடிக்கிறது என்பார்கள் சிலர். அதுவும் நியாயம்தான். ஆனாலும் வீட்டையே கூட எடுத்துப் போகிறவருக்கு ஓட்டல் அறைக்கு ஓட வேண்டியதில்லையே, நிதானமாகப் போகலாம். பூங்கா வாசலிலிருந்து ஃபிளமிங்கோ வரை 38 மைல். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கொசுவும் குறைவு. இரண்டு இரவு தங்கி, ஜெனரேட்டரை அணைத்துவிட்டு உட்காரலாம்.

அப்புறம் தீவுகளுக்குப் போகட்டும். பிக் பைன் கீ வரும்போது மட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாய் உயரமே உள்ள கீ மான்கள் அந்தத் தீவுகளில் மட்டும்தான் உள்ளன. அவை அதிகம் சாவதே வண்டிகளில் அடிபட்டுத்தான். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.