சின்னக்கானலில் பொங்கல் யாருடைய அறுவடை?

கிறிஸ்துமஸ், மகரவிளக்கு, திருவாதிரை, பொங்கல் என நான்கையும் ஒரே தட்டில் வைத்து, 'குளிர்கால விழாக்களின் பன்மை' எனப் பெயரிட்டுவிடுவது கருத்தரங்குகளுக்கு எளிது. பொங்கல் என்றால் 'அறுவடைத் திருநாள்' என்ற அடைமொழியும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். சின்னக்கானலின் தேயிலைச் சரிவுகளில் இந்த இரு சொற்களும் பொய்யாகின்றன.

தஞ்சையில் தை மாதம் நெல் வீடு சேரும் காலம். மூணாறு மலைகளிலோ அது வறுமாதத்தின் தொடக்கம். குளிரில் கொழுந்து சுருங்குகிறது. உறைபனி விழும் இடங்களில் செடியே கருகுகிறது. நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் ஊக்கத்தொகை குறைவதும் அப்போதுதான். கை மெலியும் மாதத்தில் பொங்கல் வைப்பவர்களின் விழாவை அறுவடைக் கொண்டாட்டம் என்பது ஆய்வாகாது. கைக்குப் பணம் வரும் போனஸ் காலமோ ஓணத்தை ஒட்டியது. 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் மூணாறில் சாலையில் அமர்ந்ததும் அந்தப் போனஸுக்காகத்தான்.

விடுமுறையின் கதை இன்னும் கசப்பானது. திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. (கேரளத்தை மட்டும் குறை கூறுவது முறையன்று, அதே நேரம், அளித்ததாலேயே கேள்வி முடிந்துவிடவும் இல்லை.) 2022இல் அந்த விடுமுறை ஜனவரி 15 என அறிவிக்கப்பட்டிருந்தது; பொங்கலோ 14. தமிழக முதலமைச்சர் ஸ்டாலின் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதிய பின்னரே தேதி திருத்தப்பட்டது. தலைமுறைகளாகத் தன் மண்ணில் வாழும் மக்களின் பண்டிகை எந்நாள் என்பதை ஓர் அரசு அண்டை மாநிலத்தின் கடிதத்தால் அறிய நேர்ந்தது! அதுவும் பள்ளிக்கும் அலுவலகத்துக்குமான விடுமுறை. கொழுந்தெடுப்பவரின் விழா விடுமுறை 1958ஆம் ஆண்டின் கேரளத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டத்தின் வழியே தனியாக முடிவாகிறது. ஆதலால் பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை என்பதனால் தாய்க்கும் விடுமுறை என்று கொள்வதற்கில்லை. போகி முதல் காணும் பொங்கல் வரை நீளும் விழாவுக்கு அந்த ஒரு நாளில் போடிமெட்டு இறங்கி ஊர் சேர்ந்து திரும்புவது எங்ஙனம்?

ஊருக்குப் போவதையே சான்றாக்கி, 'இவர்கள் வந்து போகிறவர்கள்' என்பாரும் உளர். 1956 மாநிலப் பிரிப்பை ஒட்டித் தேவிகுளம், பீர்மேடு வழக்கில் எழுந்த அதே வாதம் இது. ஆனால் 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளே இம்மலைகளின் முதுவர்கள் தைப்பொங்கல் கொண்டாடியதையும், வந்தவர் அனைவருக்கும் உணவளித்ததையும் குறித்துவைத்துள்ளன. பொங்கல் தோட்டக் கூலிகளோடு மட்டும் மலையேறி வந்த பண்டிகை என்பார், சின்னக்கானலின் முதுவர் குடிகளில் பானை ஏற்றுவோரை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்?