திரும்பி வருவது அவமானமா?

“அண்ணா, நீங்களாவது அவன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான்!”

என் தங்கை தொலைபேசியில் அழாத குறை. அவள் மகன் நார்வேயில், ஓஸ்லோ நகரத்தில் பொறியாளராக இருக்கிறான். அங்கே போய் மூன்றாவது குளிர்காலத்தில் அவனுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. ஸ்நோகைட்டிங்! காலில் பனிச்சறுக்குப் பலகை, இடுப்பில் பெல்ட், அதிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் கயிறுகள், கயிற்றின் முனையில் ஒரு பெரிய துணிக் காற்றாடி. காற்று இழுக்கும் வேகத்தில் பனிமலை மேல் பறக்காத குறையாக ஓடுவது. அவன் அனுப்பிய படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் தங்கைக்குத் தூக்கம் இல்லை.

‘சித்த வைத்தியருக்குப் பனிமலையில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சித்த மருத்துவத்தில் ‘நோய் அணுகா விதி’ என்று ஒரு பகுதியே இருக்கிறது. வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வராமல் இருக்க எப்படி வாழ்வது என்று சொல்வது அது. சென்ற ஆண்டு மார்ச் மாதம் நான் அங்கே போய் நேரில் பார்த்தபோது, அந்த நாட்டுக்காரர்களும் மலைக்கு அப்படி ஒரு ‘விதி’ வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கோபித்துக்கொண்ட மருமகன்

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயிலில் சுமார் நாலு மணி நேரம் போனால் ஹாகாஸ்டோல் என்ற சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஹார்டாங்கர்விட்டா என்ற பெரிய பீடபூமியின் ஓரத்தில் இருக்கிறது. காற்றாடிக்காரர்களுக்கு அது புனிதத் தலம் மாதிரி!

நாங்கள் போன அன்று காலையில் நல்ல வெயில், இதமான காற்று. மருமகன் பலகையைப் பூட்டிக்கொண்டு தயாராக நின்றான். பயிற்சி ஆசிரியரோ வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, “இன்று பீடபூமிக்குப் போகவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் பழகலாம். பதினொரு மணிக்கு எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும்” என்று சொல்லிவிட்டார்.

“நாலு மணி நேரம் ரயில்ல வந்திருக்கோம் மாமா! இவ்வளவு நல்ல வெயில்ல போய் இப்படிச் சொல்றாரே!” என்று அவனுக்கு ஒரே கோபம்.

ஒரு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எதிரே இருந்த மலை காணோம். அரை மணி கழித்து ரயில் நிலையமும் காணோம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. எது தரை, எது வானம் என்றே தெரியவில்லை. பீடபூமியைக் கடக்கும் 7ஆம் எண் சாலையை மூடிவிட்டார்கள். மருமகன் கையில் காபியோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

இடம்தான் முதல் மருந்து

ஹெல்மெட், முழங்கால் கவசம், அவசரத்தில் காற்றாடியைக் கழற்றிவிடும் கொக்கி... எல்லாம் தேவைதான். ஆனால் என் அபிப்பிராயம் இது: பாதுகாப்பில் முக்கால் பங்கு, காற்றாடியைப் பிரிக்கும் முன்பே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா? அதே மாதிரி இடம் பார்க்காமல் காற்றாடி விடக்கூடாது.

‘எந்த இடம் நல்ல இடம்?’ என்று கேட்டால் அனுபவசாலிகள் பெயர் சொல்ல மாட்டார்கள். “இன்றைக்குக் காற்று எங்கிருந்து அடிக்கிறது?” என்று திருப்பிக் கேட்பார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. நேற்று நன்றாக இருந்த இடம், காற்று திசை மாறினால் இன்று ஆபத்தான இடம்.

காற்று ஒரு குன்றைத் தாண்டி உங்கள் மேல் இறங்கினால் சுழன்று சுழன்று வரும். ஒரு நிமிடம் காற்றே இருக்காது, அடுத்த நிமிடம் ஆளையே தூக்கிவிடும். பரந்த வெளியைத் தாண்டி வரும் காற்றுதான் சீரானது. அதே மாதிரி, காற்று போகும் பக்கம் பல நூறு மீட்டருக்குக் காலியாக இருக்க வேண்டும். பாறை, பள்ளம், வீடு, சாலை, மின்கம்பி எதுவும் கூடாது. ஹாகாஸ்டோல் ஊருக்குள்ளேயே சாலையும் இருக்கிறது, மின்சார ரயில் பாதையும் இருக்கிறது. ஈரக் கயிறு அந்தக் கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுக்கும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு! காலையில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் உங்களைச் செல்லமாக இழுத்த காற்றாடி, மதியம் 12 மீட்டர் வேகத்தில் வேறு மிருகம்.

அடுத்தது சரிவு. 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான பனிச்சரிவு இடிந்து விழக்கூடியது. அதன் மேல் ஏறினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கீழே சமதளத்தில் நின்றாலும் அது உங்கள் மேல்தான் வந்து விழும். நடந்து ஏறுகிறவனுக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருக்கிறது. காற்றாடிக்காரனுக்கு இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் சரிவின் அடிவாரத்தில் இருப்பான். நார்வேயில் பனிச்சரிவு எச்சரிக்கைக்கு என்றே 2013 முதல் ஓர் அரசுச் சேவை நடக்கிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். அதைப் பார்க்காமல் கிளம்புவது, சர்க்கரை அளவு பார்க்காமல் பாயசம் குடிப்பது மாதிரி!

ஏரிகளையும் நம்பிவிடக் கூடாது. உறைந்த ஏரி காற்றாடிக்கு அருமையான மைதானம்தான். ஆனால் அங்குள்ள பல ஏரிகள் மின்சார உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிடத் திறந்துவிட, மேலே உள்ள பனிக்கட்டி கரையோரம் விரிசல் விடும். ஓடை வந்து சேரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் கட்டி மெல்லியது. நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் கெட்டியான பனிக்கட்டி வேண்டும். மேலே பனித்தூள் மூடியிருந்தால் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளூர்க்காரரைக் கேட்பதுதான் வழி.

கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: “இங்கே அனுமதி உண்டா?” ஹார்டாங்கர்விட்டாவில் காட்டுக் கலைமான்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. குளிர்காலத்தில் பாசியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவற்றை விரட்டினால் செத்துப்போகும். அதனால் சில பகுதிகளில் காற்றாடிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

ஒரு மணி நேர ஓட்டம், ஒரு நாள் நடை

ஹார்டாங்கர்விட்டா ஏறத்தாழ 6,500 சதுர கிலோமீட்டர். மரமே கிடையாது. உயரம் என்று பார்த்தால் நம் கொடைக்கானலில் பாதிதான். ‘இது என்ன பெரிய மலை’ என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

1911-இல் தென் துருவத்தை முதன்முதலில் எட்டிப் பிடித்தாரே அமுண்ட்சென், அவர் 1896 ஜனவரியில் தன் அண்ணனோடு இந்தப் பீடபூமியைக் கடக்கக் கிளம்பினார். புயலில் வழி தவறியது, சாப்பாட்டையும் தொலைத்தார்கள். ஓர் இரவு பனியில் குழி தோண்டிப் படுத்தவர், விடிந்ததும் அசைய முடியாமல் சுற்றிலும் பனி இறுகிக் கிடந்தார். அண்ணன் தோண்டி எடுத்ததால் பிழைத்தார். அவருக்கே அந்தக் கதி!

இன்றைக்குக் காற்றாடி இன்னொரு ஆபத்தைச் சேர்த்திருக்கிறது. நல்ல காற்றில் ஒரு மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் போய்விடலாம். அங்கே காற்று நின்றுவிட்டால்? பனியில் கால் புதையப் புதைய நாள் முழுக்க நடந்துதான் திரும்ப வேண்டும். அதனால் பழகியவர்கள் முதலில் காற்றை எதிர்த்துக் கோணல்மாணலாக ஏறிப் போவார்கள். களைத்த பிறகு திரும்பும்போது காற்று வீட்டுப் பக்கம் தள்ளும். ஃபின்ஸே என்ற ரயில் நிலையத்துக்குச் சாலையே கிடையாது. அங்கே இறங்குபவர்கள் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்வதும் பாதுகாப்புதான்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

இனி என் தொழில். வெப்பநிலை மைனஸ் 10, காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால், தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. நடுக்கம் வருவது உடம்பு போடும் சத்தம். பேச்சு குழறினால், கை விரலால் கொக்கியைக் கழற்ற முடியாவிட்டால், உடனே நிறுத்த வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. அவரை நடக்கவிடாமல், அசைக்காமல், காற்று படாத இடத்தில் போர்த்திப் படுக்கவைத்து 113-ஐக் கூப்பிட வேண்டும்.

பனி கடித்த தோல் வெள்ளையாகும் என்று எழுதியிருப்பார்கள். நம் கறுப்புத் தோலில் அது சாம்பல் பூத்து, மெழுகு மாதிரி தெரியும். மரத்துப்போனதுதான் முக்கிய அடையாளம். சித்த வைத்தியன் சொல்கிறேன், அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள்! பனியாலும் தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மருத்துவரிடம் போக வேண்டும். குளிருக்கு மது நல்லது என்பதும் பொய். தோலுக்கு ரத்தம் ஓடிச் சூடு மாதிரி தெரியும், உள்சூடு போய்விடும். பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுபோங்கள், தெம்பாக இருக்கும். ஆனால் அதை மருந்து என்று நினைத்து மலையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

அவர்களுடைய ‘நோய் அணுகா விதி’

1967-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது நார்வே மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் மலைப் பயணச் சங்கமும் சேர்ந்து மலைக்கான விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோயின. 2016-இல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். மொத்தம் ஒன்பது. போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ, வானிலையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார், சின்னப் பயணம் என்றாலும் புயலுக்குத் தயாராக இரு என்று போகிறது பட்டியல். எட்டாவது விதிதான் என்னைக் கவர்ந்தது. திரும்பி வருவதில் வெட்கமில்லை என்கிறது அது!

நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்காத பாடம் இதுதான். ‘எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதே’ என்றே வளர்த்தோம். படிப்புக்கு அது சரி. மலைக்குச் சரிவராது. அதே நேரம், ‘போகவே போகாதே’ என்று தடுப்பதும் மருந்து இல்லை. தடுத்தால் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போவதுதான் மலையில் எல்லாவற்றையும்விட ஆபத்து.

என் தங்கையிடம் இதைத்தான் சொன்னேன். “அவனை வேண்டாம்னு சொல்லாதே. கிளம்பும் முன்னாடி நாலு கேள்வி மட்டும் கேளு. எந்த இடம்? காற்று எந்தப் பக்கம்? யாரோட போறே? எத்தனை மணிக்குத் திரும்புவே?”

இப்போது சனிக்கிழமை காலைகளில் அவனே தகவல் அனுப்பிவிடுகிறான். போன பிப்ரவரியில் ஒரு நாள் வந்தது இப்படி: “அம்மா, காற்று சரியில்லை. பாதி வழியில திரும்பிட்டோம்.”

அன்றைக்கு என் தங்கை வீட்டில் கேசரி கிண்டினாளாம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் அப்படித் திரும்பி வந்தால், ‘இவ்வளவு செலவு பண்ணிப் போயும் வீணாப்போச்சே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.