கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை

மக்களாட்சி என்றதும் ஆங்கிலேயரை நினைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். 1215இல் மாக்னா கார்ட்டா எனும் உரிமைச் சாசனத்தை ஜான் மன்னர் ஏற்றார். அதில் கான்டர்பரிப் பேராயர் ஸ்டீபன் லாங்டனுக்குப் பெரும் பங்குண்டு. அரசனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என்னும் நெறி அதனால் வேரூன்றியது.

காஞ்சிபுரத்திற்குப் பட்டெடுக்கச் செல்லும் நாம், அம்மாவட்டத்து உத்திரமேரூரைக் கண்டதுண்டா? அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊராட்சி விதிகள் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் குடவோலை முறையில் வாரியத்தாரைத் தேர்ந்தனர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர்!

இரண்டிலும் குறையுண்டு. உத்திரமேரூரில் நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. இங்கிலாந்திலும் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாக்குரிமை பெற்றது 1928இல்தான். நம் நாட்டிலோ 1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே நெசவாளிக்கும் அவர் மனைவிக்கும் சமமான வாக்கு கிட்டியது.

வாக்கு கிட்டிவிட்டது, கணக்குக் கேட்கும் வழக்கம் வந்ததா? கிராம சபையாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், பங்குப் பேரவையாயினும் கணக்குக் கேட்பது பகையன்று, கொடுப்பது இழிவுமன்று. நம் பிள்ளைகளுக்கு இதை இல்லத்திலேயே கற்பிப்போம்.