கத்துவது பெல்ட், காரணம் வேறு

காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் ‘கிறீச்’ என்று சத்தம் வந்தால், பல ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பெல்ட் போயிடுச்சு, மாத்திடலாம்.” மாற்றியதும் சத்தம் நிற்கிறது, காசு கொடுத்தவருக்கும் திருப்தி. சத்தம் நின்றதையே கோளாறு தீர்ந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. இன்று பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரசரையும், சிலவற்றில் வாட்டர் பம்ப்பையும் சேர்த்துச் சுற்றுவது வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரே பெல்ட். வழியில் ஒரு புல்லி சற்றுச் சாய்ந்தாலும், பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்தாலும், ஆயில் கசிந்து சொட்டினாலும் கத்துவது அதுதான். புது ரப்பரின் பிடிப்பில் சத்தம் சில வாரம் அடங்கிக் கிடக்கலாம். சாய்ந்த புல்லி சாய்ந்தபடியே இருக்கும்.

சத்தத்தின் சாயலே பாதி விடை. குருவிபோல விட்டுவிட்டு வரும் ‘கீச் கீச்’ என்றால் பெரும்பாலும் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ஏ.சி. போட்டதும் நீட்டி இழுக்கும் அலறல், பெல்ட் வழுக்குவதால் வருவது. ‘உர்ர்’ என்ற உறுமலுக்குப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டையும் பிரித்தறியத் தண்ணீர் போதும். துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் கிட்டே போகாமல், ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் தெளிக்க வேண்டும். சத்தம் அடங்கிச் சில நொடிகளில் திரும்பினால் புல்லி சாய்வு. உடனே கூடினால் பெல்ட்டில் விறைப்புப் போதவில்லை. பேரிங்குக்கு, இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைக் கையால் சுற்றினால் சொரசொரப்பு விரலுக்கே தெரியும். கண்ணை மட்டும் நம்ப முடியாது. பழைய நியோபிரீன் பெல்ட்டின் வயதை வெடிப்பே சொல்லிவிடும். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிக்காமல் டயர்போலத் தேய்கிறது.

பெல்ட் மலிவு, தேடும் கூலிதான் அதிகம் என்பார்கள். தேய்ந்த பெல்ட்டுக்கு அது நியாயம். ஆனால் பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லியின் பேரிங் இறுகிப் புது பெல்ட்டும் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது. வாட்டர் பம்ப்பும் அதிலேயே ஓடும் காரில் இன்ஜின் கொதித்துவிடும். மழைக்காலக் காலையில் ஓரிரு நொடி கத்தி அடங்குவது வெறும் ஈரம். அதற்குப் பதற வேண்டாம். பெல்ட்டில் தடவும் சோப்பு, மெழுகு, பெல்ட் ஸ்பிரே எல்லாம் சத்தத்தின் வாயை மூடும் வேலை, அவ்வளவுதான். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல: பாகத்துக்கு மறுபேச்சின்றிப் பணம் தரும் நாம், அரை மணி நேரம் காதுகொடுத்துக் கேட்டதற்குத் தருவதில்லை. பெல்ட்டை மாற்றும்முன் டென்ஷனரையும் ஐட்லரையும் சுற்றிப் பார்க்கச் சொல்லி, அந்தக் கூலியை பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லலாம்.